ஆதாரம்: துவைக்கிற கல், இடது கை, பித்தளைச் சருவம்

அடுத்தவர் வீட்டுப் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிக் கொடுத்துப் பிழைக்கிற தொழிலில் இறங்கியவன், மயங்கி விழுகிறவர் முகத்தில் தெளிக்க ஒரு சொம்புத் தண்ணீரைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில நாள் வாடிக்கையாளர் விழுவார். சில நாள் நானே விழுவேன்.

முன்பு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த ஆபீசை மூடியதும், அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த பெல்சியாவும் நானும் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை பிடித்து இந்த வேலையை ஆரம்பித்தோம். வெளிநாட்டில் செட்டிலானவர்கள், மணிவிழாவுக்கு மலர் போடுகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பரம்பரையைச் சொல்லிவிட்டுப் போக நினைக்கிறவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெல்சியா கறாரான பெண். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் 'ஆதாரம்' என்று ஒரு வரி இருந்தே ஆகவேண்டும் என்பாள். என்ன பொருள், எங்கே இருக்கிறது, யார் வசம் இருக்கிறது, மூன்றும் வேண்டும். கோயில் பதிவேடு, பத்திரம் என்று கிடைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நம் ஊரில் கரையான் தின்றது பாதி, உப்புக் காற்று தின்றது பாதி. மிச்சமிருக்கிற ஆதாரமெல்லாம் நினைத்தே பார்க்காத இடத்தில் கிடக்கிறது. உங்கள் வீட்டுக் குடும்ப மரத்தை வரைய உட்கார்ந்து பாதியில் பேப்பரைக் கிழித்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வாருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

கிணற்றடியில் பூட்டன்

கனடாவில் ஓய்வு பெற்ற சேவியர் என்ற என்ஜினியர் தன் பூட்டன் இறந்த வருடத்தைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். பூட்டன் திரேஸ்புரத்தில் தோணி வைத்திருந்தவர். மாதா கோயிலில் போய்ப் பார்த்தால், அடக்கப் பதிவேட்டில் நமக்கு வேண்டிய பக்கங்கள் மட்டும் சல்லடையாகக் கிடந்தன. சரி, சேவியரின் சித்தப்பா மகன் ஜெரால்டு அதே திரேஸ்புரத்தில்தான் இருக்கிறார், கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். ஜெரால்டு யோசித்து யோசித்து ஒன்று சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் பழைய கல்லறைகளைப் பிரித்த காலத்தில், அவரவர் கல்லை அவரவர் எடுத்துப் போகலாம் என்று சொன்னார்களாம். அவருடைய அப்பா ஒரு கல்லைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாராம். அது எங்கே போனது என்று மட்டும் தெரியாது.

மீன் ஏலம் போடுகிற இடத்தைத் தாண்டி வந்ததில் என் கால் முழுக்கச் சேறு. கழுவிக்கொள்கிறேன் என்று கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஜெரால்டின் மனைவி லூர்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல் என்றால் கொத்திப்போட்ட மாதிரி இருக்கும். இது மேசைப் பலகை மாதிரி மட்டமாக, ஓரமெல்லாம் இழைத்து இருந்தது. சும்மா குனிந்து ஓரத்துக்கு அடியில் விரலை விட்டேன். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பக்கத்தில் இன்னொரு பள்ளம். எழுத்து! ஜெரால்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். மண்ணைக் கழுவினால் முதலில் சிலுவை தெரிந்தது, அப்புறம் பூட்டன் பெயர், அதற்குக் கீழே வருடம், கடைசியில் 'இங்கே அமைதியில் இளைப்பாறுகிறார்' என்று ஒரு வரி. லூர்து கையில் சோப்பு நுரை வழிய அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பூட்டன் நெஞ்சு மேலயா அண்ணாச்சி நான் இத்தன வருசமா பாவாடையும் சட்டையும் அடிச்சுத் தொவைச்சேன்?" என்று கேட்டார்.

கனடாவிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெல்சியா தன் சட்டப்படியே எழுதினாள். 'ஆதாரம்: துவைக்கிற கல், அடிப்பக்கம். இருப்பிடம்: திரேஸ்புரம், ஜெரால்டு வீட்டுக் கிணற்றடி. தற்போது நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளது.' அதை அனுப்பியதும் சேவியர் வீடியோ காலில் வந்தார். வந்தவர் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். இணையம் நின்றுவிட்டது என்று நினைத்து பெல்சியா போனைத் தட்டினாள். இணையம் நன்றாகத்தான் இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மருமக வீட்டுக்காரங்கல்லாம் படிப்பாங்க அண்ணாச்சி. எப்படியும் கல்லுல வெட்டுனதுதான? கல்வெட்டுன்னு போட்டுட்டா என்ன?"

மணிவிழா மாப்பிள்ளையின் இனிஷியல்

சென்னையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தங்கராஜுக்கு ஆறுமுகநேரிப் பக்கம் சொந்த ஊர். அண்ணன் பால்பாண்டிக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது, அதற்குக் குடும்ப வரலாற்றோடு ஒரு மலர் போடவேண்டும் என்று வந்தார். அவர்கள் ஐயா, அதாவது அப்பா, பொன்னையா காலமாகி ரொம்ப வருடம். அம்மா செல்லம்மாள் இருக்கிறார். அந்தக் காலத்தில் உப்பளத்தில் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். பொன்னையா, செல்லம்மாள் கல்யாணத்துக்குப் பத்திரிகையோ பதிவோ எதுவும் இல்லை என்றார்கள். நேரில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று போய் உட்கார்ந்தேன். அண்ணனும் தம்பியும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். செல்லம்மாள் கருப்பட்டிக் காபியை நீட்டும்போது சேலைத் தலைப்பு விலகி, இடது முன்னங்கையில் பச்சை குத்தியிருப்பது தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாடசாமி.

"குலசாமி பேரா ஆச்சி?" என்று கேட்டேன். கெட்ட நேரம் அப்படித்தான் வாயில் வந்து உட்காரும். "சாமியில்லய்யா, ஆளு" என்றார் அவர். தம்பி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "எந்த ஆளும்மா?" என்றார். செல்லம்மாள் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ கடைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னார்: "என்னய மொதல்ல கட்டுனவரு. தோணில கொழும்புக்குப் போனாரு. தோணி வரல. நீ வயித்துல இருந்த. பொறவு உங்கய்யா வந்து கேட்டாரு. இவளுக்கு வயித்துல புள்ள இருக்குன்னு எங்க அண்ணன் சொன்னான். தெரிஞ்சுதான் கேக்கேன்னாரு."

தங்கராஜ் எழுந்து வந்து என் காதருகே, "இத மலர்ல போட்டுறாதிய அண்ணாச்சி" என்றார். பால்பாண்டிக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. அம்மாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "ஏம்மா, அப்போ அறுவது வருசமா தப்பான இனிசியலா போட்டுக்கிட்டு அலையுதேன்?" என்றார். செல்லம்மாள் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார். "தப்பு என்னல தப்பு? சோறு போட்டவரு பேரு உன் பேருக்கு முன்னால இருக்கு. அவரு பேரு என் கையில இருக்கு. உனக்கு ரெண்டு ஐயா, அவ்வளவுதாம். காபியக் குடி."

பரணில் இருந்து இறங்கிய அத்தை

அன்பர்களே, உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி கல்யாண வருடம் தெரியவில்லை என்றால் பெட்டியைக் குடையாதீர்கள். பாத்திரத்தைப் பாருங்கள். யார், யாருக்கு, எதற்குக் கொடுத்தது என்று நம் ஆட்கள் அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டி வைத்திருப்பார்கள். இந்த யோசனையைப் பெங்களூரில் பேங்க் வேலையில் இருக்கும் சுகந்தியிடம் சொன்னது நான்தான். அவர்களுக்குத் தூத்துக்குடி பஜாரில் மூன்று தலைமுறையாக மளிகை வியாபாரம். தாத்தாவுக்கு மூன்று மகன்கள், பெண் பிள்ளை கிடையாது என்று குடும்பத்தில் மூத்தவரான பெரியப்பா செல்வராஜ் அடித்துச் சொல்லியிருந்தார். அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது, நானும் பெல்சியாவும் கீழே நிற்க, சுகந்தியும் அவள் அம்மாவும் பரணில் ஏறி ஒரு பெரிய பித்தளைச் சருவத்தை இறக்கினார்கள். புளி போட்டுத் தேய்த்ததும் எழுத்து வந்தது. பெல்சியா டார்ச் அடித்துப் படித்தாள். தாத்தா பெயர் இருந்தது. அடுத்து, 'மகள் சண்முகக்கனி திருமணத்திற்கு' என்று இருந்தது. பெல்சியா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சுகந்தியின் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டவர். "அப்படி ஒரு பேர நான் கேட்டதே இல்லையே!" என்று புளிக் கையை வாயில் வைத்தார்.

அதே நேரம் பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். சருவத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அத யாரு கீழ எறக்குனது?" என்றார். கேட்டவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சண்முகக்கனி அவருடைய ஒரே தங்கச்சியாம். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று, சீர்ச் சாமான் வாங்கியாயிற்று. அந்த வாரத்தில் உப்பு லாரி ஓட்டுகிற ஒருவரோடு போய்விட்டாள். இனி இந்த வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். தாத்தா போன பிறகும் யாரும் எடுக்கவில்லை. சருவத்தை விற்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்டு சுகந்தி மெதுவாக, "அத்தை இப்ப உயிரோட இருக்காங்களா பெரியப்பா?" என்றாள். பெரியப்பா தலை குனிந்துகொண்டார். "கோயில்பட்டிலதான் இருக்கா. நேத்துகூட போன்ல பேசுனேன்."

மாலை போட்ட போட்டோ

சிங்கப்பூரில் இருக்கும் ராஜேஷ் என்பவருக்குத் தன் அம்மாவின் அண்ணன் கணேசன் மாமா எப்போது காலமானார் என்று தெரியவேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கணேசனின் தம்பிகளைக் கேட்டால், "அவன் போயாச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் விடவில்லை. அச்சடிக்கிற ஒவ்வொரு சுவரொட்டியிலும் ஒன்றை எடுத்து வைக்கிற பழக்கமுள்ள ஒரு அச்சகக்காரரை எனக்குத் தெரியும். அவர் கட்டைப் பிரித்துத் தேடினால், 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் கணேசன் இருக்கிறார்! மாலை போட்ட போட்டோ, மறைந்த தேதி, கீழே துயரத்தில் வாடும் தம்பிகள் பெயர். இதைவிட என்ன வேண்டும்? பெல்சியா ஆதாரத்தை எழுதினாள், புத்தகம் அச்சானது, ராஜேஷ் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து வயதான ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். குடித்தார். துணிப்பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து, சுவரொட்டி இருக்கும் பக்கத்தை விரித்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பெல்சியா "இயேசுவே!" என்று நாற்காலியோடு பின்னால் போனாள். நான் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வீட்டை விற்பதில் தம்பிகளோடு சண்டை வந்து, "எங்களுக்கு நீ செத்தாச்சு" என்று அவர்கள் சொன்னார்களாம். வாயால் சொன்னது போதாமல் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியும்விட்டார்கள். மனம் வெறுத்து மும்பைக்கு மகள் வீட்டுக்குப் போனவர், சொந்தக்காரர் கைமாறி அங்கே வந்து சேர்ந்த புத்தகத்தில் மறுபடியும் தன் சாவைப் பார்த்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். சுவரொட்டி என்பது ஒருவர் செத்ததற்கு ஆதாரம் இல்லை, யாரோ காசு கொடுத்து அச்சடித்ததற்குத்தான் ஆதாரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். திருத்திய புத்தகம் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் போட்டோவை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போட்டோ நல்லாத்தான் விழுந்துருக்கு. மாலைய மட்டும் எடுத்துருங்க."

பி பக்கம்

ரெனிட்டா பள்ளிக்கூட டீச்சர். அவருடைய அப்பா வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் ரெனிட்டா மூன்றாவது பெண். 'மூணாவதும் பொட்டப்புள்ளன்னு கேட்டதும் மனுசன் ஊர்ப்பக்கமே வரல' என்று சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவர். அப்பா ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி மட்டும் வந்தது. அம்மா அதைத் திறக்கவே இல்லை. அந்த அம்மாவும் சமீபத்தில் போய்விட, பெட்டி ரெனிட்டா கைக்கு வந்திருந்தது. "அப்பா இறந்த தேதி மட்டும் கிடைச்சாப் போதும் அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பெட்டியில் துணிமணி, ஒரு ஜெபமாலை, கொஞ்சம் சினிமாப் பாட்டுக் கேசட்டுகள். பாட்டுக் கேசட்டில் என்ன இருக்கப்போகிறது என்று நான் ஒதுக்கினேன். பெல்சியாதான், எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்து நாடாவைத் துடைத்து வாங்கி, பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றையும் இரவல் கொண்டுவந்தாள்.

ரெனிட்டாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். பாட்டு, பாட்டு, பாட்டு. கடைசிக் கேசட்டின் பி பக்கத்தில் பாட்டு பாதியில் அறுந்தது. என்ஜின் இரைச்சல் கேட்டது. ஒரு ஆள் தொண்டையைச் செருமினார். "ஸ்டெல்லா, நல்லா இருக்கியா?" என்றது குரல். ரெனிட்டா சட்டென்று எழுந்து நின்றார். ஸ்டெல்லா அவருடைய அம்மா பெயர். "நீ அனுப்புன கேசட்டு வந்துச்சு. சின்னவ அழுற சத்தத்தக் கேட்டேன். எம்மா, என்ன தொண்ட! கப்பல்ல எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுனேன். கேப்டன் வந்து கேட்டுட்டு, உன் மக கப்பலுக்குச் சங்கு ஊதலாம்ங்காரு. தெனம் வேல முடிஞ்சதும் அதத்தாம் போட்டுக் கேக்கேன். கொஞ்சம் காய்ச்சலா இருக்கு. லீவு எழுதிக் குடுத்துருக்கேன், கிடைச்சதும் வந்துருதேன். அதுவரைக்கும் அவள அழ விடாத, ஆனா ரொம்பவும் அமத்தாத." அதோடு குரல் நின்று, இரைச்சல் மட்டும் ஓடியது. அவர் இதைத் தபாலில் போடுவதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது என்பது எங்களுக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை.

பெல்சியா கீபோர்டில் கைவைத்து 'ஆதாரம்: ஒலிநாடா, பி பக்கம்' என்பது வரைக்கும் அடித்தாள். அதற்குமேல் முடியாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். தேதியைக் கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம் என்று ஏதோ உளறினேன். ரெனிட்டா அந்த டேப் ரெக்கார்டர்மேல் கையை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எங்கப்பாவுக்கு என் சத்தம் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி."

இத்தனை வீட்டு வரலாற்றை எழுதினீர்களே, உங்கள் சொந்தக் குடும்பத்து வரலாற்றை எப்போது எழுதப்போகிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.